வேலியோரத்து ஆஸ்பராகஸ்

வணக்கம். எல்லோரும் சௌக்கியமா? இடுப்பு, முழங்கால், மணிக்கட்டு எல்லாம் எப்படி இருக்கின்றன? நம் கூட்டத்தில் நலம் விசாரிப்பதென்றால் அந்த மூன்றையும் தனித்தனியாகத்தான் விசாரிக்க வேண்டும். எனக்கு இடது முழங்கால் மட்டும் கொஞ்சம் முறைத்துக்கொண்டிருக்கிறது. மற்றபடி குறைவில்லை.

போன சனிக்கிழமை நம் குத்தகைத் தோட்டத்தில் ஆளுக்கொரு துண்டுக்குப் புதிதாகச் சாவி வாங்கியவர்களை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் பார்த்தேன். சாவி கைக்கு வரும்போது எல்லோரும் சிரித்தார்கள். தங்கள் துண்டு நிலத்தின் முன்னால் போய் நின்றதும் ஒரு முகத்திலும் சிரிப்பைக் காணோம். ஆள் உயரத்துக்கு முள்ளுப்புதர். அதற்குள் யாரோ விட்டுப்போன குளியல் தொட்டி. அதற்குள்ளும் முள். ஒரு பெண் தன் வீட்டுக்காரரிடம், "இதுக்கா நாலு வருஷம் வரிசையில நின்னோம்?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

அந்தப் பெண்ணுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். எங்கள் பதினேழாம் துண்டை எடுத்த ஜெம்மாவுக்கு நடந்தது இது. புதிதாக வருகிற ஒருத்தர் செய்யக்கூடியதிலேயே ஆகப் பெரிய தப்பை அவள் செய்தாள். அதைவிடப் பெரிதாக நீங்கள் எதுவும் செய்துவிட முடியாது. அந்த நிம்மதியோடு படியுங்கள்.

பதினேழு கடைசியில் இருக்கிறது, ரயில் பாதைக் கரையை ஒட்டி. ஜெம்மாவுக்கு முன்னால் மூன்று பேர் அதை எடுத்துவிட்டு ஓடிப்போனார்கள். அதில் ஒருவர் முதல் நாளே பெட்ரோல் உழவு இயந்திரத்தோடு வந்து ஒரே மதியத்தில் பாதி நிலத்தைப் புரட்டிப் போட்டார். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. புல் வேர் ஒவ்வொன்றும் நூறு துண்டாக வெட்டுப்பட்டு, நூறும் முளைத்து, ஜூன் மாதம் அவர் நிலம் கிரிக்கெட் மைதானம் மாதிரி ஆனது. அதற்குப் பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை. இயந்திரத்தை வாடகைக்குக்கூட எடுக்காதீர்கள், சொல்லிவிட்டேன்.

ஜெம்மா பஸ் ஓட்டுகிறவள். நாற்பது வயதிருக்கும். நாலாவது மாடியில் ஒரு ஃப்ளாட், பால்கனிகூடக் கிடையாது. நவம்பரில் சாவி வாங்கினாள். யாரும் மண்வெட்டியைத் தொடாத மாதம்.

"நாள் பூரா கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்காந்து திட்டு வாங்கறேன் பிரெண்டா," என்றாள் என்னிடம். "இங்க முள்ளு குத்துது. ஆனா திட்டறதில்ல."

நம்முடைய பழைய துண்டுக்காரன் பேரிக்கு யாரையாவது சீண்டாவிட்டால் டீ இறங்காது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "கண்ணு, நீ கிறிஸ்துமஸ் தாண்ட மாட்டே," என்றான். கிறிஸ்துமஸ் போனது. "சரி, ஈஸ்டர் தாண்ட மாட்டே," என்றான்.

"நீங்க தாண்டுவீங்களான்னு பாருங்க முதல்ல," என்றாள் அவள், தலையைத் தூக்காமலே. அன்றிலிருந்து பேரி அவளுக்கு அரிவாள் தீட்டிக் கொடுக்க ஆரம்பித்தான்.

அவள் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு சாப்பாட்டு மேசை விரிப்பின் அளவுக்குத்தான் ஒரு தடவை எடுப்பாள். முள்ளை வெட்டுவாள், கிழங்கைத் தோண்டுவாள், கடையில் கெஞ்சி வாங்கி வந்த அட்டைப் பெட்டிகளைப் பிரித்து மேலே மூடுவாள், மூலைக்கு ஒரு செங்கல் வைப்பாள். அவ்வளவுதான் அன்றைக்கு. மீதி நிலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். கை இரண்டும் கீறலாகக் கீறி, பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாம் "எத்தன பூனை வளக்கறீங்க?" என்று கேட்கிற அளவுக்கு ஆனது. ஆனால் பிப்ரவரியில் முன்பக்கம் மண் தெரிந்தது. கறுப்பு மண். கையில் எடுத்தால் கேக் மாதிரி உதிர்ந்தது. அன்றைக்கு அவள் அதை ஒரு சாண்ட்விச் டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரலில் பின்வேலிக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கேதான் வந்தது வினை.

முள்ளை எடுத்த இடத்தில், ரயில் கரை வேலியை ஒட்டி, விரல் பருமனில் வரிசையாகக் குருத்துகள் கிளம்பியிருந்தன. சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம், மொட்டு மாதிரிக் கூம்பிய நுனி. ஜெம்மா ஆஸ்பராகஸ் என்கிற அந்தத் தின்னும் குருத்தைக் கடையில் கட்டாகப் பார்த்திருக்கிறாளே தவிர மண்ணில் முளைத்துப் பார்த்ததில்லை. ஆஸ்பராகஸ் வைத்தால் பறிக்க மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும், பழைய துண்டுகளில் யாரோ வைத்துப்போன பாத்தி சில சமயம் கிடைக்கும், கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று குளிர்காலம் முழுக்க நாங்களே அவளிடம் சொல்லியிருந்தோம். சொல்லியதில் எனக்கும் பங்கு உண்டு.

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்து, அத்தனை குருத்தையும் பறித்து, மூன்று கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு, பையில் வைத்து, மூன்று கொட்டகைக் கதவில் தொங்கவிட்டுப் போய்விட்டாள். எனக்கு ஒன்று. பேரிக்கு ஒன்று. அவளுக்குப் பக்கத்துத் துண்டுக்காரர்களுக்கு ஒன்று. அவர்கள் அந்த வாரம் ஸ்காட்லாந்து போயிருந்தார்கள். நம்மிடம் இது வழக்கம்தானே? கதவுக் கைப்பிடியில் எதையாவது மாட்டினால் நன்றி என்று அர்த்தம். யார் வைத்தது என்று கேட்டு அலைவது மரியாதையில்லை. எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

சனிக்கிழமை காலை என் கொட்டகைக்கு வந்தேன். பை தொங்கியது. உள்ளே கைவிட்டு ஒன்றை எடுத்தேன். எடுத்தவுடனேயே கை சொல்லிவிட்டது. கனமே இல்லை. தண்டில் மூங்கில் மாதிரிக் கணு. கணுவுக்குக் கணு மெல்லிசாக ஒரு சவ்வு. உடைத்துப் பார்த்தேன். நடுவில் பொந்து.

ஆஸ்பராகஸில் பொந்து இருக்காது. அது ஜப்பான் களை.

புதியவர்களுக்குச் சொல்கிறேன். தார் ரோட்டைப் பிளந்துகொண்டு வருகிற செடி அது. வேரில் கட்டைவிரல் நகம் அளவு கிடைத்தால் போதும், கணு ஒன்று ஈர மண்ணில் விழுந்தால் போதும், மறுபடியும் முழுச் செடி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் முன்பு நம்மைப் போலவே ஒரு தோட்டம் இருந்தது. அந்தக் களை ஒரு மூலையில் வந்து, எல்லோரும் மறைத்து, எல்லாத் துண்டுக்கும் பரவி, கடைசியில் கவுன்சில் மொத்த இடத்தையும் மூடிவிட்டது. அதனால்தான் நம் குத்தகைத் தாளில் அந்த ஒரு வரி தடித்த எழுத்தில் இருக்கிறது. அந்தக் களையைப் பரப்பினவர் அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

ஜெம்மா அதைக் கத்தரியால் வெட்டவும் இல்லை. பிடுங்கியிருந்தாள். ஒவ்வொரு தண்டின் அடியிலும் குதிகால் மாதிரி இளஞ்சிவப்பாக ஒரு வேர்த் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணினேன், ஒன்பது. ஸ்காட்லாந்து போனவர்கள் கதவுக்கு ஓடினேன். அந்தக் கட்டு அப்படியே இருந்தது, அதிலும் ஒன்பது. இரண்டையும் பையில் போட்டு இறுக்கிக் கட்டினேன். பிறகு பேரி கதவைப் பார்த்தேன். வெறும் கைப்பிடி.

அந்த நேரம் பார்த்து ஜெம்மா வந்தாள். கையில் பேக்கன் வைத்த ரொட்டி, முகம் முழுக்கச் சிரிப்பு.

"கிடைச்சுதா? ஒண்ணும் சொல்லாதீங்க, யாரு வெச்சதுன்னு எனக்குத் தெரியாது," என்று கண்ணடித்தாள்.

எனக்குச் சுற்றிவளைத்துச் சொல்லத் தெரியாது. கையில் இருந்த தண்டை உடைத்துப் பொந்தைக் காட்டினேன்.

"கண்ணு, இது ஆஸ்பராகஸ் இல்ல."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. தாளில் இருந்த தடித்த எழுத்து வரி அவளுக்கும் தெரியும். ரொட்டியைத் தாளில் சுற்றினாள், மறுபடி பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்றாள்.

"உனக்கு. எனக்கு."

"அப்ப யாருக்கும் சொல்லாதீங்க பிரெண்டா. நானே தோண்டி எடுத்துடறேன். நேத்து ராத்திரிதான் உருளைக்கெழங்கு வெதை முளைகட்டி வெச்சிருக்கேன். அஞ்சு மாசம் பிரெண்டா. கைய பாருங்க என் கைய."

கையைப் பார்த்தேன்.

"முதல்ல பேரிய பிடிப்போம்," என்றேன்.

பேரி தன் கொட்டகைக்குப் பின்னால் அடுப்பு வைத்து டீ போட்டுக்கொண்டிருந்தான். கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. அவன் கண்ணாடி எப்போதும் அங்கேதான் இருக்கும்.

"யாரோ புண்ணியவான் ஆஸ்பராகஸ் வெச்சிட்டு போயிருக்கான்," என்றான். "விடியறப்பவே வந்துட்டேன்ல, முட்டையோட வறுத்து அடிச்சாச்சு. கொஞ்சம் புளிச்சுது. ஓசில வந்தது புளிச்சா என்ன?"

"அடிப்பக்கம் எங்க பேரி? வெட்டிப் போட்டியே, அந்த வேர்க் குதிகால்?"

"அத ஏன் கேக்கறே? கேட்டுக்கு பக்கத்துல உரக்குவியல்ல வீசினேன்."

"எந்தக் குவியல்? புதுசா, பழசா?"

"கிட்ட இருக்கறதுல," என்றான், ரொம்ப இயல்பாக.

கிட்ட இருப்பது பழசு. இரண்டு வருஷம் மட்கி, கறுத்து, தயாராக இருப்பது. அன்றைக்கு உரம் பகிர்கிற சனிக்கிழமை. பத்து மணிக்கு எங்கள் செயலாளர் க்ளிஃப் விசில் ஊதுவார், ஆளாளுக்குத் தள்ளுவண்டியில் அள்ளிக்கொண்டு போய் நாற்பது துண்டிலும் கொட்டுவார்கள்.

"பேரி, அது ஜப்பான் களை," என்றேன்.

பேரி கண்ணாடியை மூக்குக்கு இறக்கினான். "நான் செத்துருவேனா?"

"சாக மாட்டே. ருபார்ப் தண்டு மாதிரி புளிக்கும், அவ்வளவுதான்."

"அப்ப யாரு வெச்சது?" என்றவன், ஜெம்மாவின் முகத்தைப் பார்த்தான். அதற்கு மேல் கேட்கவில்லை. பேரிக்கும் சில நேரம் வாயை மூடத் தெரியும்.

கேட்டுப் பக்கம் இரும்புச் சக்கரங்கள் கிரீச்சிட்டன. வரிசை ஆரம்பித்துவிட்டது.

மூன்று பேரும் கொட்டகைப் பின்னால் நின்றோம். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மூவருக்கும் தெரியும். சும்மா இருந்தால் போதும். அந்தத் துணுக்குகள் யார் வண்டியிலோ ஏறி, யார் பாத்தியிலோ விழுந்து, அடுத்த வருஷம் எங்கோ முளைக்கும். எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ரயில் கரையைக் கை காட்டிவிடலாம். உண்மையில் அங்கிருந்துதான் வேர் வேலிக்கு அடியில் வந்திருக்கிறது. ஜெம்மாவின் சாவி ஜெம்மாவிடமே இருக்கும்.

"நான் உன் பேர சொல்ல மாட்டேன்," என்றான் பேரி தரையைப் பார்த்து.

ஜெம்மா என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லுவேன் என்று எதிர்பார்த்தாள். இப்படிச் செய் என்று சொல்ல நான் யார்? போவது என் நிலம் இல்லை.

விசில் கேட்டது.

ஜெம்மா ஓடினாள். ரொட்டி கீழே விழுந்தது. என் முழங்காலோடு நான் போய்ச் சேர்வதற்குள் அவள் குவியலின் உச்சியில் ஏறி நின்றுகொண்டிருந்தாள், கணுக்கால் வரைக்கும் உரத்துக்குள். இரண்டு கையையும் விரித்திருந்தாள், பஸ்ஸுக்கு முன்னால் யாரோ குதித்துவிட்ட மாதிரி.

"யாரும் எடுக்காதீங்க! வண்டிய கிட்ட கொண்டு வராதீங்க!"

க்ளிஃப் ஹெஸ்லப்பைப் பழையவர்களுக்குத் தெரியும். சுரங்கத்தில் இருந்த காலத்திலேயே மேற்பார்வைக்காரர். சிரித்துப் பார்த்தவர்கள் கொஞ்சம். தோட்டத்தின் விதி ஒவ்வொன்றையும் அவர்தான் எழுதினார், அந்தத் தடித்த வரி உட்பட.

"எறங்கும்மா," என்றார். "இது வெளையாடற எடமா?"

"எறங்க மாட்டேன்."

"உனக்கு அதிகமா வேணும்னா வரிசைல நில்லு. எல்லாருக்கும் ரெண்டு வண்டிதான்."

"எனக்கு ஒண்ணும் வேணாம் க்ளிஃப். இதுக்குள்ள ஜப்பான் களை இருக்கு."

வரிசையில் இருந்த அத்தனை வண்டியும் ஒன்றாகக் கீழே இறங்கிய சத்தத்தை நான் மறக்க மாட்டேன்.

"யாரு போட்டது?" என்றார் க்ளிஃப். குரலை உயர்த்தவில்லை. அது இன்னும் மோசம்.

பேரி வாயைத் திறந்தான். ஜெம்மா முந்திக்கொண்டாள்.

"என் துண்டுலேருந்து வந்தது. பின்வேலியில மொளைச்சிருந்துச்சு. ஆஸ்பராகஸ்னு நெனச்சு பிடுங்கி, கட்டுகட்டி, எல்லாருக்கும் குடுத்தேன். நான்தான்."

பிறகு பின்னாலிருந்து யாரோ, "ஆஸ்பராகஸ்னு நெனச்சாளாம்!" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள், சிரித்துவிட்டு நிறுத்தினார்கள். இன்னொரு குரல், "ஆத்துக்கு அந்தப் பக்கம் இப்படித்தான் ஆரம்பிச்சுது. சாவிய வாங்கு க்ளிஃப்," என்றது.

ஜெம்மா கழுத்துக் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினாள். சாவி அதில் தொங்கியது. கையை நீட்டினாள்.

"இந்தாங்க. நான் போயிடறேன். ஆனா தேடி முடிச்சிட்டுத்தான் போவேன். கட்டுக்கு ஒம்பது போட்டேன். ரெண்டு கட்டு பிரெண்டா கிட்ட முழுசா இருக்கு. பேரியோடது ஒம்பது இதுக்குள்ள இருக்கு. ஒம்பதும் கைக்கு வர்ற வரைக்கும் நான் இங்கதான்."

க்ளிஃப் சாவியை வாங்கவில்லை. முதலில் தார்ப்பாயை விரிக்கச் சொன்னார். வரிசையில் வந்தவர்கள் எல்லோரும் பாயைச் சுற்றி மண்டியிட்டோம். வாளி வாளியாக உரத்தை நடுவில் கொட்டி, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். முட்டை ஓடு வந்தது, டீ பைகளின் தோல் வந்தது, பேரி மூன்று வருஷமாகத் தேடிய கத்தரிக்கோல் வந்தது. அப்போதுகூட யாரும் சிரிக்கவில்லை.

முதல் துணுக்கு ஜெம்மாவின் கையில்தான் கிடைத்தது. மற்றவையும் அடுத்தடுத்து மேலாகவே கிடைத்தன. மதியத்துக்குள் எட்டு. ஒரு ஜாடியில் போட்டு நடுவில் வைத்தோம். ஒன்பதாவது இல்லை. குவியல் அடிவரைக்கும் பாயில் கிடந்தது. மறுபடியும் புரட்டினோம். இல்லை.

"ஒம்பதுன்னு நிச்சயமா?" என்று பேரியைக் கேட்டேன்.

"எண்ணியா சாப்பிட முடியும்? ஒவ்வொண்ணா வெட்டினேன், ஒவ்வொண்ணா வீசினேன்."

"ஒம்பதுதான்," என்றாள் ஜெம்மா. "மூணு மூணா வெச்சு கட்டினேன்."

"அப்ப போச்சு," என்றது அந்தப் பின்வரிசைக் குரல். "ஒண்ணு போதும். கவுன்சிலுக்குச் சொல்லுங்க, மொத்தமா மூடட்டும்."

எழுந்து நின்ற ஜெம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன் நிலம் போனதற்கு அவள் அழவில்லை. எங்கள் எல்லோருடையதும் போய்விடுமோ என்ற இடத்துக்கு வந்தபோதுதான் உதடு கோணியது.

அப்போது க்ளிஃப் தொண்டையைச் செருமினார். தொப்பியைக் கழற்றினார். அவர் தலையை வெயிலில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"ஒரு வண்டி போயிருக்கு," என்றார்.

"எங்க போயிருக்கு? இப்பத்தானே விசில் ஊதினே?" என்றான் பேரி.

"விசிலுக்கு முன்னாடி."

"யாரு எடுத்தது?"

க்ளிஃப் தன் லீக் பந்தலைக் கை காட்டினார்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். புதியவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. செப்டம்பர் கண்காட்சிப் போட்டிக்கு, வெங்காயத்தாளுக்குப் பெரியண்ணனான லீக்கை வளர்க்கிறவர்கள் தங்கள் பாத்தியைப் பெற்ற பிள்ளைக்கும் காட்ட மாட்டார்கள். க்ளிஃப் பந்தலுக்கு இரண்டு பூட்டு. அவர் மனைவியே உள்ளே போனதில்லை. அந்த வாரம்தான் நாற்றைப் பாத்தியில் இறக்கியிருந்தார். அதற்குத்தான், எல்லோருக்கும் ரெண்டு வண்டி என்று விதி எழுதியவர், எல்லோருக்கும் முன்னால் வந்து ஒரு வண்டி அள்ளி, செடிக்குச் செடி வேரடியில் இட்டிருக்கிறார்.

"எத்தன வருஷமா நடக்குது இது?" என்று கேட்டான் பேரி. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டான்.

"பூட்டத் தொறக்கறேன், வா," என்றார் க்ளிஃப்.

வாசலில் எல்லோரும் நின்றுவிட்டோம். பழக்க தோஷம், யாருக்கும் உள்ளே கால் வைக்க மனம் வரவில்லை. க்ளிஃப் ஜெம்மாவைப் பார்த்து, "நீ வா," என்றார். "அது எப்படி இருக்கும்னு உன் கைக்குத் தெரியும்."

அவர் ஒவ்வொரு லீக்காகத் தூக்கினார். அடியில் இரண்டு கையையும் கொடுத்து, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி. தூக்கினதை ஈரச் சாக்கில் படுக்க வைத்தார். பாத்தி காலியான இடத்தில் ஜெம்மா மண்டியிட்டு மண்ணைத் துழாவினாள். ஒரு செடி. அடுத்தது. வேர் அறுபடுகிற சத்தம் வெளியே எங்களுக்கே கேட்டது. கண்காட்சிக்குப் போகிற லீக்கை நட்ட வாரத்தில் பிடுங்கினால் அந்த வருஷம் அது எதற்கும் ஆகாது. அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. பின்வரிசைக் குரல்கூட.

பாதி பாத்தி தாண்டியது. ஒன்றும் இல்லை. முக்கால் தாண்டியது. சாக்கில் லீக்குகள் வரிசையாகத் துவண்டு கிடந்தன. ஜெம்மா நிறுத்திவிட்டாள்.

"வேணாம் க்ளிஃப். இங்க இல்ல போல. மிச்சத்தையாவது விட்டுடலாம்."

"தேடும்மா," என்றார்.

கடைசிக்கு முந்தின செடியின் அடியில் இருந்தது. வெந்த இறால் நிறத்தில், கட்டைவிரல் அளவில். ஜெம்மா அதை விரலிடுக்கில் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். ஒரு நாள்கூட ஆகவில்லை, கணுவோரம் வெள்ளையாக ஏதோ துருத்துகிற மாதிரி எனக்குத் தோன்றியது. பயத்தில் அப்படித் தெரிந்ததோ என்னவோ.

ஜாடியில் ஒன்பது.

யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். ஜெம்மா முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து, மறுபடியும் சாவியை நீட்டினாள். சொன்ன சொல்லுக்கு நிற்கிறவள்.

க்ளிஃப் அந்தச் சாவியைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"பரப்பினவங்க அன்னைக்கே சாவிய குடுக்கணும். எழுதினவன் நான்தான். இந்தப் பொண்ணு குவியல் வரைக்கும் கொண்டுவந்தா. பேரி குவியல்ல போட்டான். அங்கேருந்து எடுத்துட்டு போய் பாத்தில நட்டது நான். அப்ப மூணு சாவி வாங்கணும்." தன் பையில் கைவிட்டு, பந்தல் சாவியும் கேட்டுச் சாவியும் கோத்த வளையத்தை எடுத்து, ஜெம்மா மாதிரியே நீட்டினார். "யாரு வாங்கறீங்க?"

ஒருத்தரும் அசையவில்லை.

"உன் சாவிய வாங்கினா லீக்கும் சேத்து வருமா?" என்றான் பேரி.

முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. க்ளிஃப் சிரிக்கவில்லை, ஆனால் வளையத்தைப் பையில் போட்டுக்கொண்டார். ஜெம்மாவின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"கைய மடக்கும்மா, வலிக்கப்போவுது," என்றார். "திங்கக்கெழம நானே கவுன்சிலுக்கு போன் பண்றேன். உன் பின்பக்கத்த வேலி போட்டு அடைச்சுருவாங்க. வருஷா வருஷம் வந்து அந்தக் களைக்கு மருந்து ஏத்துவாங்க. அந்தப் பக்கம் நீ கால் வெக்கக் கூடாது. வெச்சா மட்டும் சாவிய வாங்குவேன்."

"முன்பக்கம்?" என்றாள் ஜெம்மா.

"முன்பக்கத்துல உருளைக்கெழங்கு போடறதுன்னா சீக்கிரம் போடு. ஈரம் போயிடும்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாவிக் கயிற்றைக் கழுத்தில் மாட்ட இரண்டு தடவை முயன்றாள், காதில் மாட்டிக்கொண்டது. நான்தான் சரி பண்ணிவிட்டேன்.

கவுன்சில் ஆட்கள் வந்து பின்வேலியோரம் மூன்றில் ஒரு பங்கை மஞ்சள் நாடா கட்டி அடைத்தார்கள். குவியல் முழுவதையும் ஒரு வருஷம் கறுப்புப் பிளாஸ்டிக் போட்டு மூடி வைத்தோம், ஒருவேளை ஏதாவது தப்பியிருந்தால் என்று. அந்த வருஷம் ஒருவருக்கும் உரம் இல்லை. என் வெங்காயம் கோலிக்குண்டு அளவுதான் வந்தது. அதை ஜெம்மாவிடம் சொல்லிக் காட்டாத நாள் இல்லை. ஜெம்மாவும், "கோலிக்குண்டு நல்லா உருளும், வெளையாடுங்க," என்று சொல்லாத நாள் இல்லை. ஆகஸ்டில் அவள் உருளைக்கிழங்கு தோண்டினபோது பேரியும் நானும் வேலியோரம் நின்று பார்த்தோம். பாதி கிழங்கை அவளே முள்மண்வெட்டியால் குத்திவிட்டாள். எல்லோரும் முதல் வருஷம் குத்துவார்கள். நீங்களும் குத்துவீர்கள்.

ஆக, சனிக்கிழமை வந்த புதியவர்களே, அந்த முள்ளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேசை விரிப்பளவு எடுங்கள், மூடுங்கள், வீட்டுக்குப் போய்க் காலை நீட்டி உட்காருங்கள். என்னவென்று தெரியாத ஒன்று முளைத்தால் வெட்டாமல், பிடுங்காமல், வந்து கேளுங்கள். நாங்கள் சிரிப்போம், அதை மறைக்க மாட்டேன். சிரித்துவிட்டுக் கூடவே வருவோம். தப்பாக ஏதாவது செய்துவிட்டால் விசிலுக்கு முன்னால் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

உங்கள் புதருக்குள் என்ன கிடைத்தது? எதை எதுவென்று நினைத்து ஏமாந்தீர்கள்? முதல் வருஷக்காரர்களும் சரி, இருபது வருஷக்காரர்களும் சரி, வெட்கப்படாமல் எழுதி அனுப்புங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். இந்த முழங்காலோடு இந்த வாரம் வேறெங்கே போகப் போகிறேன்?